முத்திரையும் வாக்கும்

1968ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1970 மார்ச் 5 முதல் அமலுக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை, பார்வைக்கு ஒரே பத்திரமாகத் தோன்றினாலும், இயல்பில் வேறுபட்ட இரண்டு கடமைகளைத் தன்னுள் தாங்கி நிற்கிறது. 1967 ஜனவரி முதல் தேதிக்கு முன் அணுகுண்டை வெடித்துக் காட்டாத தேசங்கள், இனி ஒருபோதும் அதைச் செய்வதில்லை என்று பிரதிக்ஞை செய்து, தம்முடைய உலைகளையும் ஆலைகளையும் அயலார் வந்து பரிசோதிக்க இடம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தத் தேதிக்கு முன்பே வெடித்துவிட்ட அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும், ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்தவும் அணுவாயுதங்களைக் களையவும் நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்குக் கிராம் கணக்கில் அளவு உண்டு, காவல் உண்டு, மீறினால் பாதுகாப்புச் சபை வரை செல்லும் விசாரணையும் உண்டு. ஆறாவது ஷரத்தில் அடங்கிய பின்னதற்குக் கெடு குறிக்கப்படவில்லை, கணக்குக் கேட்க ஒரு ஸ்தாபனமும் நியமிக்கப்படவில்லை. வட கொரியா என்றும் ஈரான் என்றும் தனித்தனியே பேசப்படும் இன்றைய சங்கடங்களில் பெரும்பகுதி, காவலுள்ள கடமைக்கும் காவலற்ற கடமைக்கும் இடையே ஐம்பதாண்டுக்கு மேலாக வளர்ந்துவந்துள்ள இந்தப் பேதத்திலிருந்தே கிளைத்தது என்பது என் துணிபு.

காவலுள்ள கடமை எவ்வளவு நுட்பமாகக் காக்கப்படுகிறது என்பதை முதலில் பார்ப்பது அவசியம். ஏனெனில் அந்த நுட்பத்தை அறியாதவர்களே ஆயுதக் களைவு வெறும் கனவு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1957இல் தோன்றிய சர்வதேச அணுசக்தி முகமையின் பரிசோதகர்கள், 8 கிலோ புளுட்டோனியத்தையும், உயர்செறிவு யுரேனியத்தில் அடங்கிய 25 கிலோ யுரேனியம்-235ஐயும் ஒரு குண்டுக்குப் போதிய அளவு என்று வைத்துக்கொண்டு, அந்த அளவு எங்கேனும் கணக்கிலிருந்து நழுவுகிறதா என்று கண்காணிக்கிறார்கள். கோயில் பொக்கிஷத்தைப் பலர் முன்னிலையில் திறந்து, நகைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு, மீண்டும் பூட்டி அரக்கு வைக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்த வேலை வெகு சமீபமானது. அவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் முத்திரை, செம்பாலும் பித்தளையாலும் செய்த சிறு மூடி. அதன் உட்புறத்தில் ஒழுங்கின்றிக் கீறல்களை உண்டாக்கிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியின் கம்பியில் அதைப் பூட்டிவிட்டுச் செல்கிறார்கள். மாதங்கள் கழிந்து அதைக் கழற்றி வியன்னாவுக்குக் கொண்டுவந்து, கீறல்களைப் பழைய படத்தோடு ஒப்பிடும்போது, இடையில் எவராவது அதைத் திறந்து போலி மூடி பொருத்தியிருந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இதைவிட ஆச்சரியமானது, உள்ளங்கை அகலப் பருத்தித் துணி ஒன்றால் சுவரையும் குழாயையும் துடைத்தெடுத்து, அதில் ஒட்டிய கண்ணுக்குப் புலப்படாத தூசியைப் பேச வைக்கும் முறை. 1992இல் வட கொரியா, தான் 1990ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறை, சுமார் 90 கிராம் புளுட்டோனியத்தை மட்டும் பிரித்தெடுத்ததாக அறிக்கை கொடுத்தது. உலையில் பிறக்கும் புளுட்டோனியத்தின் ஒரு பகுதி, ஏறத்தாழ 14 ஆண்டு அரை ஆயுளோடு அமெரிசியம் என்ற வேறொரு தனிமமாகச் சிதைந்துகொண்டே இருக்கிறது. ரசாயன முறையில் பிரித்தெடுக்கும்போது அந்த அமெரிசியம் முழுவதும் கழன்றுபோய், மறுநாள் முதல் புதிதாகச் சேரத் தொடங்குகிறது. ஆகவே ஒரு துகளில் எவ்வளவு அமெரிசியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அது பிரிக்கப்பட்ட காலத்தைச் சொல்லிவிடலாம். அந்நாட்டு அணு மையமான யோங்பியோனில் எடுத்த மாதிரிகள், 1989, 1990, 1991 என்று பல முறை பிரிப்பு நடந்ததற்குச் சாட்சி கூறின. முகமை மேலும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. வட கொரியா மறுத்தது. 1993 மார்ச் 12ஆம் தேதி உடன்படிக்கையிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பேச்சுவார்த்தைகளால் பத்தாண்டு தள்ளிப்போன அந்த விலகல் 2003 ஜனவரியில் மீண்டும் பிரகடனமாகி, 2006 அக்டோபர் 9இல் முதல் வெடிப்பும், 2017க்குள் மொத்தம் ஆறு வெடிப்புகளும் நிகழ்ந்தன. இங்கே கருதத்தக்க விஷயம், பரிசோதனை தோற்கவில்லை என்பது. அது பொய்யைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பின் என்ன செய்வது என்பதில்தான் உலகம் ஒருமனப்படவில்லை. மூன்று மாத அறிவிப்போடு எவரும் வெளியேறலாம் என்று பத்தாவது ஷரத்து திறந்துவைத்த வாசலைச் சாத்தவும் இன்றுவரை வகை காணப்படவில்லை.

பரிசோதனை உண்மையிலேயே தோற்ற இடம் இராக். தேசங்கள் தாமாக அறிவித்த கட்டடங்களை மட்டுமே பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்த பரிசோதகர்கள், 1980களில் அங்கே முறைப்படி போய்வந்துகொண்டிருந்த காலத்திலேயே, அறிவிக்கப்படாத வேறு இடங்களில் செறிவூட்டும் பணி பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது; 1991 வளைகுடாப் போருக்குப் பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தலைகுனிவின் பயனாக 1997இல் உருவான கூடுதல் நெறிமுறை, அறிவிக்காத இடங்களிலும் தேடுவதற்கு வழி வகுத்தது. அதே இராக்கில் 2003இன் தொடக்கத்தில், அணுவாயுத முயற்சி மீண்டும் உயிர்பெற்றதற்குச் சான்று இல்லை என்று முகமை பாதுகாப்புச் சபையில் தெளிவாகச் சொல்லியும், போர் தொடுக்கப்பட்டது. முன்னே கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்காகப் பழிக்கப்பட்ட ஸ்தாபனம், கண் திறந்து கண்டதைச் சொன்னபோது கேட்பாரற்றுப் போனது எவ்வளவு வேதனைக்குரியது!

பரிசோதனையின் முழு வலிமையும் பிரகாசித்த ஓர் உதாரணம் உண்டு. அதை நம் பத்திரிகைகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை. தென்னாப்பிரிக்கா இரகசியமாக ஆறு அணுகுண்டுகளைச் செய்து முடித்து, பிறகு தானே அவற்றைப் பிரித்துக் களைந்து, 1991 ஜூலையில் உடன்படிக்கையில் சேர்ந்தது. குண்டுகள் இருந்ததையும் களைந்ததையும் ஜனாதிபதி டி கிளர்க் 1993 மார்ச் 24இல் பாராளுமன்றத்தில் வெளிப்படுத்தினார். அதற்குள் உலோகம் உருக்கப்பட்டுவிட்டது, வரைபடங்கள் அழிக்கப்பட்டுவிட்டன; இல்லாத பொருள் உண்மையாகவே இல்லை என்று எப்படி நிரூபிப்பது? பரிசோதகர்கள் பெலிண்டாபாவை அடுத்த செறிவூட்டும் ஆலையின் பழைய இயக்கப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, எவ்வளவு யுரேனியம் உள்ளே சென்றது, எவ்வளவு வெளியே வந்தது, எந்தெந்த நாட்கள் இயந்திரம் நின்றது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். முதலில் கணக்கு இடித்தது. மேலும் விசாரித்து, ஊழியர்களோடு பேசி, மாதிரிகளை ஆராய்ந்து, கையிருப்பு நம்பத்தக்கதே என்ற முடிவுக்கு வந்தார்கள். கலஹாரி பாலைவனத்தில் வெடிப்புச் சோதனைக்காகத் தோண்டிய குழிகள் அவர்கள் கண்ணெதிரே பயனற்றவையாக ஆக்கப்பட்டன. ஓர் அரசு மனமுவந்து கதவைத் திறந்துவிட்டால், குண்டு களைந்ததையும்கூட அந்நியர் சரிபார்த்துச் சொல்ல முடியும் என்பதற்கு இது பிரத்தியட்சச் சான்று. ஆறு குண்டுகளுக்குச் சாத்தியமானது ஆறாயிரத்துக்கு ஏன் சாத்தியமாகாது என்ற கேள்வியைக் கேட்கும் உரிமை இதனால் நமக்குக் கிடைக்கிறது.

இனிக் காவலற்ற கடமைக்கு வருவோம். 1980களின் நடுவில் உலகில் சுமார் 70,000 அணுவாயுதங்கள் குவிந்திருந்தன; இன்று 12,000 அளவில் இருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் உள்ளன. இந்தக் குறைப்பு மகத்தானது. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அது ஆறாவது ஷரத்தின் கட்டாயத்தால் விளைந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். இரண்டு வல்லரசுகளும் தமக்குள் செய்துகொண்ட தனி ஒப்பந்தங்களாலும், ஒன்றின் பொக்கிஷமே வறண்டுபோனதாலும் அது நிகழ்ந்தது. அந்தத் தனி ஒப்பந்தங்களில் 1987 டிசம்பரில் ரீகனும் கோர்பசேவும் கையெழுத்திட்ட நடுத்தர ஏவுகணை உடன்படிக்கை தலைசிறந்தது. அதன்படி 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி பிறந்த வோத்கின்ஸ்க் நகரத்து ஆயுத ஆலையின் வாசலில் அமெரிக்கப் பரிசோதகர்களும், யூட்டா மாநிலத்து மாக்னா ஆலையின் வாசலில் சோவியத் பரிசோதகர்களும், பதின்மூன்று ஆண்டுக் காலம் இரவு பகலாகக் குடியிருந்து, வெளியேறும் சரக்குகளைச் சோதித்தார்கள். வோத்கின்ஸ்கில் மூடிய ரயில் பெட்டிகளை எக்ஸ்ரே கருவியால் ஊடுருவிப் பார்த்து, தடைசெய்யப்பட்ட ஏவுகணை உள்ளே ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்தார்கள். பரம விரோதிகள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் காவலிருக்கச் சம்மதித்த காலம் அது. 2019 ஆகஸ்டில் அந்த உடன்படிக்கை முறிந்தது. நீண்ட தூர ஆயுதங்களை ஆளுக்கு 1,550 என்று வரையறுத்து 2010இல் பிராகாவில் செய்த புதிய ஒப்பந்தத்தின் பரிசோதனைகள் 2020 மார்ச்சில் கொள்ளைநோயை முன்னிட்டு நின்று, பிறகு தொடங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. நீட்டித்த ஆயுளும் 2026 பிப்ரவரி 5 வரைக்கே கொடுக்கப்பட்டது. சீனாவோ தன் கையிருப்பை வேகமாகப் பெருக்கி வருகிறது. அதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் எக்காலத்திலும் இருந்ததில்லை.

வெடிப்புச் சோதனையை நிறுத்தும் முயற்சியின் கதையும் இதே ரீதியில்தான் செல்கிறது. 1954 மார்ச் முதல் தேதி மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் குண்டு, ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் ஆயிரம் மடங்கு பெரிது. ரோங்கலாப் தீவினர்மீது வெண்பொடியாகச் சாம்பல் விழுந்தது. தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் 23 பேரும் கதிரியக்கத்துக்கு ஆளாகி, ஒருவர் அவ்வாண்டே உயிர் நீத்தார். அடுத்த மாதமே நேரு லோக் சபையில் எழுந்து, சோதனைகளை உள்ளபடியே நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்று கோரினார். எட்டாண்டு கழிந்து, 83 வயது நிரம்பிய ராஜாஜி, காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்து வாஷிங்டன் சென்று, ஜனாதிபதி கென்னடியை நேரில் கண்டு, சோதனைகளை நிறுத்துமாறு வாதாடினார். 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் ஆகாயத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் வெடிப்பதைத் தடுத்தது. பூமிக்கடியில் வெடிக்க இடம் விட்டது. அந்த இடுக்கு வழியே மேலும் நூற்றுக்கணக்கான வெடிப்புகள் நடந்தன. கசகஸ்தானத்துச் செமிபலாட்டின்ஸ்கில் மட்டும், ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னுமாக, 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள்.

எல்லாச் சோதனைகளையும் விலக்கும் உடன்படிக்கை 1996 செப்டம்பரில் தயாராயிற்று. பெயர் குறித்த 44 தேசங்களும் ஏற்புறுதி செய்தால்தான் அது அமலுக்கு வரும் என்று எழுதிவைத்தார்கள். அமெரிக்க செனட் 1999 அக்டோபரில் அதை நிராகரித்தது; சீனாவும் இஸ்ரேலும் எகிப்தும் ஈரானும் கையெழுத்தோடு நின்றன; இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா மூன்றும் கையெழுத்தே இடவில்லை; ஏற்புறுதி செய்திருந்த ரஷ்யாவும் 2023 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்த உடன்படிக்கைக்காக வகுத்த கண்காணிப்பு வலை மட்டும் பெரும்பாலும் கட்டி முடிக்கப்பட்டு, நில அதிர்வையும் கடலடி ஒலியையும் காற்றில் மிதக்கும் கதிரியக்க வாயுவையும் பூமியெங்கும் பதிவு செய்துகொண்டிருக்கிறது. வட கொரியாவின் ஒவ்வொரு வெடிப்பையும் அது பிடித்தது. சட்டம் பிறக்கவில்லை, காவல் பிறந்துவிட்டது!

இவ்வளவு குறைகளுக்கும் நடுவே, பரவல் தடை தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1963இல் கென்னடி, எழுபதுகளுக்குள் 15, 20 தேசங்கள்கூட அணுகுண்டு வைத்திருக்கக்கூடும் என்று அஞ்சினார்; இன்று ஒன்பதே வைத்திருக்கின்றன. ஆனால் சென்ற முப்பதாண்டுச் சம்பவங்கள், ஆயுதமற்ற தேசங்களுக்கு என்ன படிப்பினை தருகின்றன என்று யோசித்தால் கவலை மிகுகிறது. தன் மண்ணில் எஞ்சிய சோவியத் ஆயுதங்களைக் கைவிட்டு, 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் எல்லைக்கு உறுதிமொழி பெற்ற உக்ரைன், உறுதி தந்தவர்களில் ஒருவராலேயே 2014இலும் 2022இலும் தாக்கப்பட்டது. அந்த ஆயுதங்களை இயக்கும் அதிகாரம் மாஸ்கோவிடமே இருந்தது என்று சிலர் சமாதானம் சொல்வது மெய்தான். எனினும் தலைநகரங்களில் நினைவில் நிற்பது அந்த நுணுக்கமன்று. 2003இல் முயற்சியைக் கைவிட்ட லிபியாவின் கடாபி 2011இல் வீழ்ந்தார். கைவிடாத வட கொரியாவின் ஆட்சி நிலைத்திருக்கிறது.

ஈரானின் நிலைமை இவை எல்லாவற்றிலும் சிக்கலானது. 2015 ஜூலையில் வியன்னாவில் முடிந்த ஒப்பந்தப்படி, அது யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டாமலும் 300 கிலோவுக்கு மேல் சேர்க்காமலும் இருக்கச் சம்மதித்து, வேறெந்த தேசமும் ஏற்காத கடுமையான பரிசோதனைக்கு உட்பட்டது. முகமையும் அது நிறைவேறுவதாக அறிக்கை தந்துவந்தது. 2018 மே மாதம் அமெரிக்கா தானாக விலகிற்று. 2021இல் ஈரான் 60 சதவீதம் வரை செறிவூட்டத் தொடங்கிற்று. 2025 ஜூனில் இஸ்ரேலும் தொடர்ந்து அமெரிக்காவும் நதான்ஸ், போர்தோ, இஸ்ஃபஹான் ஆகிய இடங்களில் குண்டு வீசின. அதன் விளைவாக, 400 கிலோவுக்கு மேற்பட்ட 60 சதவீத யுரேனியம் முகமையின் பார்வையிலிருந்து மறைந்தது. தாக்குதலுக்கு முன் கிலோவில் அறியப்பட்ட ஒரு பொருள், அதன் பிறகு ஊகத்துக்கு உரியதாயிற்று. ஈரானின் அரசு பல ஆண்டுகள் மறைத்தும் திரித்தும் பேசியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கட்டடங்களை இடித்தவர்கள் அத்தோடு பரிசோதகரின் கண்ணையும் கட்டிவிட்டார்கள்.

பிறரை நோக்கிப் பேசும்போது நாம் நம்மையும் நோக்க வேண்டியிருக்கிறது. சமாதான காரியங்களுக்கென்று கனடா கொடுத்த உலையில், அமெரிக்கா தந்த கனநீரைக் கொண்டு உண்டாக்கிய புளுட்டோனியத்தால் 1974 மே 18இல் பொக்ரானில் இந்தியா வெடித்தது. அணுப் பொருள் விற்பனையைக் கட்டுப்படுத்த வழங்கு நாடுகள் குழு அமைந்ததற்கு அதுவே காரணம். 1988 ஜூனில் ஐக்கிய நாடுகள் சபையில், 2010க்குள் உலகெங்கும் அணுவாயுதங்களை ஒழிக்கும் திட்டத்தை ராஜீவ் காந்தி முன்வைத்தார். பத்தாண்டு முடிவதற்குள் 1998 மேயில் மீண்டும் பொக்ரான். 2008 செப்டம்பரில் அதே வழங்கு நாடுகள் குழு, உடன்படிக்கையில் சேராத இந்தியாவுக்கு விதிவிலக்கு அளித்தது. அதற்காக இந்தியா தன் 22 உலைகளில் 14ஐப் பரிசோதனைக்கு உட்படுத்த முன்வந்தது. அந்தப் பிரிவினைக் கோடு தமிழ்நாட்டின் கடற்கரை வழியாகவே செல்கிறது: கூடங்குளத்தின் உலைகள் சர்வதேச முகமையின் கண்காணிப்பில் இருக்க, கல்பாக்கத்தின் இரண்டு உலைகளும் அங்குள்ள அதிவேக ஈனுலையும் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. ஐந்து தேசங்களுக்கு மட்டும் உரிமை வழங்கிய ஏற்பாடு அநீதி என்று இந்தியா நெடுநாள் வாதாடியது சரியான வாதம். அந்த அநீதியில் தனக்கும் ஓர் இடம் கிடைத்த பிறகு வாதத்தின் சுருதி தாழ்ந்துபோனதை நான் வருத்தத்தோடு காண்கிறேன்.

நீதிமன்றத்தை நாடியும் பார்த்தாயிற்று. 1996 ஜூலை 8இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைத் தீர்ப்பு, ஆயுதக் களைவுப் பேச்சை நடத்துவதோடு அதை முடிவுக்குக் கொண்டுவருவதும் கடமையே என்று ஒருமனதாகக் கூறிற்று. ஒரு தேசத்தின் உயிருக்கே ஆபத்து வரும் நிலையில் அணுவாயுதத்தைப் பிரயோகிக்கலாமா என்ற கேள்வியில் மட்டும் நீதிபதிகள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்து நின்றார்கள். இலங்கையைச் சேர்ந்த நீதிபதி வீரமந்திரி, எந்த நிலையிலும் கூடாது என்று நீண்ட மறுப்புரை எழுதினார். 67 சோதனைகளைத் தன் மண்ணில் தாங்கிய மார்ஷல் தீவுகள், 2014இல் ஒன்பது அணுவாயுத தேசங்களின் மீதும் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய மூன்றின் மீதே விசாரணை தொடங்கிற்று. 2016 அக்டோபரில் அதுவும், தகராறு என்று ஒன்று எழுந்ததாக நிரூபணமாகவில்லை என்ற காரணத்தால் தள்ளுபடியாயிற்று. பிரிட்டன் வழக்கில் எட்டுக்கு எட்டு என்று நிற்க, தலைவரின் வாக்கே முடிவு செய்தது. அடுத்த ஆண்டே 122 தேசங்கள் கூடி அணுவாயுதத்தை முற்றும் விலக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றின. 2021 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. ஆயுதம் வைத்திருப்போர் ஒருவரும் சேரவில்லை.

ஆயுதம் வைத்திருப்போர் வழக்கமாகச் சொல்லும் தடை ஒன்று உண்டு: ஒரு குண்டு பிரிக்கப்பட்டதைச் சரிபார்க்க அந்நியரை அனுமதித்தால், அதன் அமைப்பு இரகசியம் வெளிப்பட்டு, அதுவே பரவலுக்கு வித்தாகிவிடுமே என்பது. கேட்கத் தகுந்த ஆட்சேபம்தான். ஆனால் 1996 முதல் 2002 வரை அமெரிக்காவும் ரஷ்யாவும் சர்வதேச முகமையும் சேர்ந்து நடத்திய முத்தரப்பு முயற்சி இதற்கே விடை தேடியது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் பொருளை ஒரு கருவி அளக்கும். அளவுகள் எவர் கண்ணிலும் படாமல் கருவிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஆயுதத்துக்குரிய புளுட்டோனியம் குறித்த அளவுக்குக் குறையாமல் இருந்தால் பச்சை விளக்கும், இல்லையேல் சிவப்பு விளக்கும் மட்டும் எரியும். மாதிரிக் கருவிகள் செய்யப்பட்டன. மாதிரிச் சட்ட ஒப்பந்தமும் எழுதப்பட்டது. 2002இல், வேலை நிறைவுற்றதாகச் சொல்லி அதைக் கட்டிவைத்துவிட்டார்கள்; ஒரு குண்டின் புளுட்டோனியம்கூட அந்த முறைப்படி முகமையின் முத்திரைக்கு உட்படவில்லை.

அந்தக் கட்டை அவிழ்ப்பதற்குப் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் தமக்கே மிகுதி என்று ஒதுக்கிவைத்திருக்கும் புளுட்டோனியத்தின் ஒரு பகுதியை முதலில் அப்படி ஒப்படைக்கலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1998க்குப் பின் வெடிப்பதில்லை என்று வாய்மொழியாக ஏற்ற விரதத்தைக் கையெழுத்தாக மாற்றலாம். பரவல் தடை உடன்படிக்கையின் மறு ஆய்வு மாநாடுகள் 2015இலும் 2022இலும் ஒருமித்த முடிவின்றிக் கலைந்தன. இனி வரும் மாநாடுகளில் ஆயுதமற்ற தேசங்கள் புதிய வாக்குறுதிகளைக் கேட்டுப் பெறுவதைவிட, ஆறாவது ஷரத்துக்கும் கெடு குறித்த ஒரு கணக்கேடும், அதைப் பார்வையிட உரிமை பெற்ற பரிசோதகர்களும் வேண்டும் என்று கேட்பதே தகும்.